சுவரில் எழுதிய செல்வம்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, தமிழ்த்துறைப் பேராசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையாரை நான் நேரில் பார்த்ததில்லை. இதே கல்லூரியில் முப்பது வருடம் தமிழ் நடத்தியவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு லட்ச ரூபாயை எடுத்து வைப்புநிதியாகப் போட்டு, வருடத்துக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு பக்கத்தின் நகலைத் துறைத்தலைவர் எனக்கு அனுப்பியிருந்தார். மூன்றே நிபந்தனைகள். முதலைத் தொடக்கூடாது. பொன்னாடைக்குச் செலவு செய்யக்கூடாது. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் தேநீரோடு வடையும் உண்டாம். வட்டி இறங்க இறங்க வடை நின்றுபோய்விட்டது என்று சொல்லித் துறைத்தலைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தமிழ் படித்தவன் அல்லன், வங்கிக்காரன். சிவகங்கைச் சீமையிலே முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன். ஒவ்வொரு முறை வட்டி இறங்கியபோதும் கிளை வாசலில் இருந்த பலகையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதியவர்களில் நானும் ஒருவன். உங்கள் வடையில் எனக்கும் பங்கு இருக்கிறது.

‘உண்மையான செல்வமும் சமூக ஊடகத்தில் காட்டும் பணமும்’ என்று மாணவர்கள் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக்காரனைக் கூப்பிட்டால் ‘சிக்கனமாக இரு, சேமித்து வை, படம் போடாதே’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்திருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் கிளையில் முகூர்த்தத்துக்கும் நகைக்கடனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம் என்றால் புதன், வியாழனில் நகையை மீட்க வரிசை நிற்கும். எங்கேயோ கைமாற்று வாங்கிக் கட்டி மீட்டுப் போவார்கள். அடுத்த திங்கள், செவ்வாயில் அதே நகை அதே சிவப்பு வெல்வெட் பெட்டியில் திரும்பி வரும். நடுவில் மூன்று நாள் அது கழுத்தில் இருந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வந்த பிறகு ஒரு புது அனுபவம். முந்தைய நாள் இரவு என் கைபேசியில் பார்த்த ஆரம் மறுநாள் காலை பத்தரை மணிக்கு என் மேசைக்கு எதிரே தராசில் கிடக்கும். கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அது ஒரு மரியாதை.

மதிப்பீட்டாளர் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் நகையை அப்படியே நிறுப்பார். அது மொத்த எடை. பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கல் எத்தனை, அரக்கு எவ்வளவு, நூல் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். உரைகல்லில் ஓர் ஓரத்தை இழைத்து, அந்தக் கோட்டில் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் வருவது நிகர எடை. கடன் அதற்குத்தான். மண்டபத்தில் எல்லாருடைய கண்ணையும் இழுத்தது அந்தக் கல்தான். மேசைக்கு வந்ததும் முதலில் கழிபடுவதும் அதுதான். சில பெண்களுக்கு இது புரியாது. “அந்தச் சிவப்புக் கல்லுக்குத்தான் சார் கடையில நெறய காசு வாங்கினான்” என்பார்கள். வாங்கினான்தான், அம்மா. வாங்கும்போது கல்லுக்கும் தங்கத்தோடு சேர்த்து விலை போடுவான், அடகு வைக்கும்போது நாங்கள் கல்லைக் கழித்துவிடுவோம். இந்த ஊரில் எத்தனையோ பேர் இதை அடகு வைக்கிற அன்றுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

பணத்தைக் காட்டிக்கொள்வது இன்ஸ்டாகிராம் பிறந்த 2010ஆம் ஆண்டில் தொடங்கியதல்ல. அமெரிக்காவின் தார்ஸ்டீன் வெப்லென் என்ற பொருளியல் அறிஞர் 1899ஆம் ஆண்டிலேயே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். தேவைக்காக இல்லாமல் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நடக்கும் செலவைத் தனியே பிரித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அவர் பார்த்த பணக்காரர்கள் காட்டுவதற்காவது உண்மையில் செலவு செய்தார்கள். இப்போது அந்தச் செலவும் வாடகைக்குக் கிடைக்கிறது. 2017இல் மாஸ்கோவில் ஒரு நிறுவனம், தரையில் நிற்கும் தனியார் ஜெட் விமானத்துக்குள் உட்கார வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தது. விமானம் பறக்காது. 2020இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அதையும் மிஞ்சிவிட்டார்கள். விமானமே இல்லை, விமானத்தின் உட்புறம் மாதிரி ஒரு செட்; ஒரு மணி நேரத்துக்கு 64 டாலர் வாடகை. சிரிக்காதீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு நகை செட் வாடகைக்கு விடும் கடை நம் ஊர்களிலும் இருக்கிறது.

இன்னொருவர் கதை கொஞ்சம் தீவிரமானது. ரமோன் அப்பாஸ் என்ற நைஜீரியர், இன்ஸ்டாகிராமில் ஹஷ்பப்பி என்ற பெயரில் வலம் வந்தவர். 25 லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். துபாயில் ஆடம்பர அடுக்கக வீடு, ரோல்ஸ் ராய்ஸ், தனி விமானப் பயணம் என்று தினம் ஒரு படம். 2020 ஜூனில் துபாய் போலீஸ் அவரைப் பிடித்தது. 13 கார்களையும் கைப்பற்றியது. மின்னஞ்சல் வழியே நிறுவனங்களை ஏமாற்றிய பணத்தைக் கைமாற்றிச் சலவை செய்த குற்றத்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 11 வருடம் 3 மாதம் சிறை கொடுத்தது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆளை உறுதி செய்ய அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்கு உதவிய தடயங்களில் ஒன்று, அவரே போட்ட பிறந்தநாள் கேக் படம். கேக்கின் மேல் பெரிய நிறுவனத்தின் முத்திரை, அவரைப் போலவே ஒரு குட்டிப் பொம்மை, சுற்றிலும் குட்டிக் குட்டிக் கடைப் பைகள். அந்தத் தேதி, பழைய விசா விண்ணப்பத்தில் இருந்த பிறந்த தேதியோடு பொருந்தியது. நகை தானாகவே உரைகல்லில் ஏறி உட்கார்ந்துகொண்ட கதை இது.

இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. செல்வம் அடக்கமாக இருக்கும், வெறும் பகட்டுதான் வெளியே தெரியும் என்று நம்மிடம் ஒரு பேச்சு இருக்கிறது. நம் ஊர் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது பொய். தமிழன் தன் செல்வத்தை ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சுவரில் எழுதியிருக்கிறான். கோயில் சுவரில்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டு முடிந்தது. அதன் சுவரைச் சுற்றி ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளைப் பார்த்தால், இன்றைக்கு எந்த நடிகர் வீட்டுக் கல்யாணப் பதிவும் அதன் அருகில் நிற்க முடியாது. அரசன் என்ன கொடுத்தான், அக்கா குந்தவை என்ன கொடுத்தாள், தேவிமார் என்ன கொடுத்தார்கள், எல்லாம் கல்லில் இருக்கின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று பெயர் வைத்த எடைக்கல். மணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்று வேறொரு கல். முத்து எத்தனை என்று எண்ணிக்கை. நகைகளுக்கு அரக்கும் பிஞ்சும் உட்பட எடை இவ்வளவு என்று குறிப்பு. நான் இதை முதன்முதலில் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடியோடு கழித்துக்கொண்டிருந்த அதே அரக்கு! சக்கரவர்த்தி தன் கொடையைக் காட்டுகிறான். காட்டும்போதே இதில் அரக்கும் சேர்ந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டு காட்டுகிறான்.

அரசனை விடுங்கள், அவனிடம் இருந்தது. சாதாரண ஆட்கள் கொடுத்த விளக்குக்கு வருகிறேன். சோழ நாட்டுக் கோயில் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் எண் 96. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு. வியாபாரி, போர்வீரன், அரண்மனைப் பெண் என்று யாராவது கோயிலுக்கு 96 ஆட்டை விடுவார்கள். அதை இடையர் ஏற்றுக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கல்வெட்டு அந்த ஆடுகளுக்கு வைத்த பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, மூப்பு அடையாதா? அடையும். செத்த ஆட்டுக்குப் பதிலாகக் குட்டியை வளர்த்துக் கணக்கை 96இலேயே நிறுத்துவது ஏற்றுக்கொண்டவர் பொறுப்பு. முதலைத் தொடக்கூடாது என்று உங்கள் அம்மையார் எழுதினாரே, அதன் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வாசகம் இது. ஆடு முதல், நெய் வட்டி. வங்கிச் சட்டப் புத்தகங்களை எத்தனையோ முறை புரட்டியவன் சொல்கிறேன், நிரந்தர வைப்பு என்பதற்கு இவ்வளவு அழகான பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சுவரிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது. அதுவும் பெருமைதான். கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து வெட்டிய பெருமை. (டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவதைப் பற்றிய பழைய நகைச்சுவை உங்களுக்குத் தெரியும். அதன் பூர்வீகம் இதுதான்.) ஆனால் அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு கடமையும் எழுதியிருக்கிறது. யார் நெய் ஊற்ற வேண்டும், எவ்வளவு, எதுவரை? சூரிய சந்திரர் உள்ளவரை. இதைக் கெடுப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் வேறு. கல்லில் வெட்டியது ஊர் பார்க்கட்டும் என்றுதான். பார்த்து வியக்க மட்டுமில்லை, என்றைக்காவது விளக்கு அணைந்தால் ‘சுவரில் அப்படி எழுதியிருக்கிறதே, நெய் எங்கே?’ என்று யாரும் வந்து கேட்கலாம் என்பதற்காகவும்.

முகநூலில் நம் பக்கத்துக்கும் முன்பு ஆங்கிலத்தில் சுவர் என்றுதான் பெயர். அந்தச் சுவரில் கடமை எழுதப்பட்ட ஒரு பதிவை நான் பார்த்ததில்லை. கார் ஷோரூமில் வண்டி எடுக்கும் நாளைப் பாருங்கள். வண்டியைப் பட்டுத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். குடும்பத்தோடு நின்று துணியை இழுக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்று கொடுப்பார்கள். கேக் வெட்டு. படம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இத்தனையும் பதிவில் வரும். 84 மாதத் தவணையும், மாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து போகும் தொகையும், ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனர் பெயரும் வராது. மைத்துனர் அந்தப் படத்துக்கு லைக் மட்டும் போட்டிருப்பார். கொஞ்சம் கவலையோடு.

என் அளவுகோல் இவ்வளவுதான். காட்டினானா, மறைத்தானா என்று நான் பார்ப்பதில்லை. காட்டியதோடு சேர்த்து எதற்குப் பொறுப்பேற்றான் என்று பார்க்கிறேன்.

குறளில் இதற்கு ஓர் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தமிழ்ப் பேராசிரியர்கள் முன்னால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் நல்லவன் செல்வத்துக்கு ஊருக்குள் பழுத்த பயன்மரத்தை உவமை சொல்கிறார். நன்றியில் செல்வம் அதிகாரத்தில், யாராலும் விரும்பப்படாதவன் செல்வத்துக்கு ஊர் நடுவே பழுத்த நச்சுமரம். இரண்டு மரமும் ஊருக்குள்தான் நிற்கின்றன. இரண்டும் பழுத்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அழகு. ஒரு மரத்தை மறைத்தும் மற்றதைக் காட்டியும் அவர் வைக்கவில்லை. யார் பறித்துத் தின்ன முடியும் என்பதில்தான் பிரிக்கிறார்.

நான் வேலை பார்த்த வட்டாரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைவிடப் பெரிய காட்சி தமிழ்நாட்டில் ஏது? பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவர். ஒரு தெருவில் நுழைகிற வாசலுக்கு அடுத்த தெருவில் பின்வாசல். பணம் பெரும்பகுதி பர்மாவில் கொடுத்து வாங்கலில் வந்தது. அதிலும் ஒரு பாடம் உண்டு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டிநாட்டு நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937 வாக்கில் அது 25 சதவீதம். ஏட்டில் பார்த்தால் என்ன வளர்ச்சி! உண்மையில் அது வீழ்ச்சி. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து விவசாயி கடனைக் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்தான். பணம் கேட்டவர்களுக்கு மண் வந்தது. நிலம் இழந்த பர்மியருக்குக் கோபம் வந்தது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் நகரத்தார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு பல வீடுகள் தூண் தூணாக, கதவு கதவாகக் கழற்றப்பட்டு, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. இன்றைக்கும் அந்தக் கடைத்தெருவில் நடந்தால் யாரோ ஒருவர் வீட்டு நிலைக்கதவு சுவரில் சாய்ந்து நிற்கும், விலைச்சீட்டோடு.

அதே சமூகத்தின் பேரேடுகளில் மகமை என்று ஒரு கணக்கும் உண்டு. தொழிலில் வருவதில் ஒரு பங்கை அறத்துக்கு என்று முதலிலேயே எடுத்து வைப்பது. அந்த மரபில் வந்தவர் அழகப்பச் செட்டியார். 1909இல் பிறந்து 1957இல் இறந்துபோனார், ஐம்பதைக்கூட எட்டவில்லை. விமானம் ஓட்டக் கற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனமே நடத்தியவர். 64 டாலர் வாடகைக்கு அவசியம் இல்லாத மனிதர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். நேரு 1948 ஜூலை 25 அன்று வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே விட்டுக்கொடுத்தார். இவரை அடக்கமானவர் என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரிகளுக்குத் தம் பெயரைத்தான் வைத்தார். வைக்கட்டுமே! அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் நுழைந்து பட்டத்தோடு வெளியே வந்திருக்கிறார்கள். நான் கடன் கொடுத்து அனுப்பிய பிள்ளைகளும் அதில் உண்டு.

நச்சுமரத்துக்கு வருகிறேன். காரைப் படம் போட்டவரால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை, அவருக்குத்தான். லாபத்தைப் படம் போடுகிறவர்கள் கதை வேறு. பங்குச்சந்தை எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இன்று காலை நாற்பதாயிரம் லாபம் என்று பச்சை நிற எண்ணைக் காட்டி, பின்னால் காரையும் நிறுத்தி, ‘என் வகுப்பில் சேருங்கள்’ என்று அழைப்பவர்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் அந்தச் சந்தையில் விளையாடிய ஒரு கோடிக்கும் மேலான தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். ஆளுக்குச் சராசரி 2 லட்ச ரூபாய். எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கும் மேல். அந்த 93 பேரும் படம் போடுவதில்லை. மீதி ஏழு பேரும், ஏழு பேரைப் போல நடிப்பவர்களும்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஒரு பையன் தனிநபர் கடன் கேட்டு என் எதிரே உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று கேட்டேன். வீட்டைப் பழுது பார்க்க என்றான். கைபேசி மேசைமேல் கிடந்தது. திரையில் சந்தைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பில். நான் கடன் கொடுக்கவில்லை. வேறெங்கோ வாங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவனிடம் இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன்.

இந்த ஊடகமே கெட்டது என்று முடிக்கவும் எனக்கு வழியில்லை. 2024 ஜனவரியில் மதுரை கொடிக்குளத்துப் பூரணம் அம்மாள் செய்தது நாடு முழுக்கத் தெரிந்தது எப்படி? அவர் ஒரு வங்கி ஊழியர், என் இனம். கொடிக்குளம் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க நிலம் தேவைப்பட்டது. 1 ஏக்கர் 52 சென்ட், மதிப்பு 7 கோடிக்கும் மேல். மறைந்த மகள் ஜனனியின் நினைவாகப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். அவர் எந்தப் படமும் போட்டுப் பரப்பவில்லை. ஊர்க்காரர்களும் மற்றவர்களும்தான் பரப்பினார்கள். அதே கைபேசி, அதே ஸ்டேட்டஸ். அந்த ஆண்டு குடியரசு நாளில் அரசு அவரைச் சிறப்பித்தது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் கொடுத்த பத்திரம் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. நாளைக்கு யாராவது அந்த இடத்தில் பள்ளி இல்லாமல் வேறு எதையாவது கட்டினால், ஊரில் எவரும் நகல் எடுத்துக்கொண்டுபோய்க் கேட்கலாம். நம் காலத்துக் கல்வெட்டு அதுதான்.

மாணவச் செல்வங்களே என்று ஆரம்பத்தில் கூப்பிட்டேன். மேடைப்பேச்சில் பழகிப்போன விளி, யாரும் அர்த்தம் பார்ப்பதில்லை. இன்றைக்கு மட்டும் நான் பார்த்துத்தான் சொன்னேன். உங்களில் ஒருவர் இந்தச் சொற்பொழிவைக் கைபேசியில் நேரலை விட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். தாராளமாக விடுங்கள். கூடவே, அந்த அம்மையார் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். முதலைத் தொடக்கூடாது என்ற வரி தெளிவாகத் தெரிகிற மாதிரி.

நேரமாகிவிட்டது. வெளியே வராந்தாவில் தேநீர் தயாராக இருக்கிறது. வடை இல்லை. இந்த வருட வட்டிக்கு அவ்வளவுதான் வரும்.